நீல நாற்காலியும் வெண்கல சர்ப்பமும்

பிப்ரவரி 3

கர்த்தருக்குள் பிரியமான ஊசிக்கு,

அக்கா எழுதுகிறேன். முட்டி வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உன் அத்தான் ஒயரும் கையுமாக ஏணியில்தான் குடியிருக்கிறார். வயசாச்சே, இறங்குங்கள் என்றால், "நான் இறங்கினா தெருவே இருட்டாயிடும்டி" என்கிறார். நீ தைத்து அனுப்பிய தலையணை உறைகள் கச்சிதம். ஆனால் அவற்றோடு ஒரு துண்டுக் காகிதம் வைக்க உனக்குக் கை வரவில்லை பார்.

ஒரு சங்கதி. சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை. முன்னறையில் கிடந்த நீல மடக்கு நாற்காலி உனக்குத் தெரியுமே. தெரியாமலா! உன் பாப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்த அன்று, நீ அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து பொத்தென்று உட்கார்ந்தது அதில்தான். கொட்டுகிற மழை, ஒரு வண்டியும் கிடைக்கவில்லை. பெண்கள் நாங்கள் நாலைந்து பேர் சுற்றி மண்டியிட்டு ஜெபித்தோம். வலிப்பு நின்றது, சூடு இறங்கியது, பிள்ளை தண்ணீர் கேட்டது. நடந்தது இவ்வளவுதான். நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

ஊருக்குத்தான் இது போதவில்லை. நீ வேறு ஊருக்குப் போய்விட்டாய். நீ சபையில் சொன்ன சாட்சி போகவில்லை. அது இங்கேயே வளர்ந்து ஆளாகிவிட்டது. இப்போதைய கதையில் பிள்ளை செத்துப் பிழைத்ததாம், நாற்காலி தானாக ஆடியதாம். நம் வீட்டு வியாழக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்களில் ஒருத்தி எழுந்த சூடு ஆறுமுன் அடுத்தவள் அதில் உட்காருகிறாள். பேக்கரிக்காரர் மனைவி அதைத் தொட்டு முத்தமிட்டுவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறாள். போகட்டும், விசுவாசம்தானே என்று இருந்தேன்.

நேற்று ஒரு தாய், புதிதாக வந்தவள், கொண்டை ஊசியால் நாற்காலியின் காலைச் சுரண்டினாள். உதிர்ந்த நீலப் பொடியைத் தம்ளர் தண்ணீரில் கலக்கி, காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனாள். பிடுங்கிக் கொட்டினேன். "உங்க வீட்டுக்கு மட்டும் வச்சுக்கப் பாக்கிறீங்களாக்கா?" என்று கேட்டாளே ஒரு கேள்வி!

"பரண்ல தூக்கிப் போடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றார் அத்தான். போட்டோம். இன்று காலை இரண்டு பேர் ஏணியோடு வந்து நிற்கிறார்கள்.

என்ன செய்வதென்று தெரியவில்லை. வேதத்தில் ராஜாக்களின் காலத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன். படிக்காதவள் நான், வீட்டுக் கணக்கைப் போல வரி வரியாக விரல் வைத்துத்தான் எனக்கு வாசிக்க வரும். அதில் ஏதாவது வழி தெரிகிறதா பார்க்கிறேன். நீயும் உன் மனதில் படுவதை எழுது.

உன் அக்கா

பிப்ரவரி 10

அன்புள்ள கணக்கு அக்காவுக்கு,

எழுதவில்லை என்று திட்டியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துதான் படித்தேன்.

அவருக்குப் பக்கவாதம் அக்கா. டிப்போவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கியவர் படியிலேயே சரிந்துவிட்டார். "வண்டி நிறைய ஆள் இருக்கும்போது வந்திருந்தா என்ன ஆகியிருக்கும், கடவுளுக்கு நன்றி சொல்லும்மா" என்று கண்டக்டர் சொல்கிறார். எனக்கு இன்னும் நன்றி வரவில்லை. வலது கையும் காலும் அசையவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. என்னோடு சண்டை போடாமல் ஒரு நாள் தூங்காத மனுஷன், இப்போது சண்டைக்கு ஒரு வார்த்தை கிடைக்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். டாக்டர் பயிற்சி என்கிறார், பொறுமை என்கிறார். நடப்பாரா என்று கேட்டால் கையிலிருக்கும் ஃபைலைப் பார்க்கிறார்.

நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கி வையுங்கள். இருபத்தெட்டாம் தேதி வேன் பிடித்து அவரை அங்கே அழைத்து வருகிறேன். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்று ஜெபியுங்கள். யாரோ சுரண்டினால் அதற்கு நாற்காலி என்ன செய்யும்? என் மகள் இன்று பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு இதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

கூட்டத்துக்கும் சொல்லிவிடுங்கள், அன்றைக்கு வேறு யாரும் உட்காரக் கூடாது.

உங்கள் ஊசி

பிப்ரவரி 14

என் கண்ணான தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அத்தான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். நான் அழுதேன். பின்னறையைத் துடைத்து, கட்டிலைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறேன். தம்பியைக் கூட்டிக்கொண்டு வா. எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. பாத்திரம் தேய்ப்பதுமுதல் அவரைப் புரட்டிப் போடுவதுவரை நான் இருக்கிறேன்.

ஆனால் நாற்காலி இருக்காது. கோபப்படாமல் கடைசிவரை படி.

வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்கள் முறுமுறுத்து, பாம்பு கடித்துச் சாகிறார்கள். வெண்கலத்தில் ஒரு சர்ப்பம் செய்து கம்பத்தில் தூக்கி வை என்று கர்த்தர் மோசேயிடம் சொல்கிறார். ஏறிட்டுப் பார்த்தவன் பிழைத்தான். இது மனுஷன் தன் மூளையில் கண்டுபிடித்த விக்கிரகம் இல்லை. கர்த்தர் சொன்னது, மோசே செய்தது. அதை யார் எறிவார்கள்? தலைமுறை தலைமுறையாக வைத்திருந்தார்கள். வைத்திருந்து வைத்திருந்து, கடைசியில் அதற்குத் தூபம் காட்டினார்கள். எசேக்கியா ராஜா வந்தான். உடைத்தான். அதற்கு நிகுஸ்தான் என்று பேரும் வைத்தான். வெண்கலத் துண்டு, அவ்வளவுதான் என்று அர்த்தமாம்.

அந்த இடத்தில் என் விரல் நின்றுவிட்டது, தங்கச்சி. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, எழவில்லை. "எங்க முப்பாட்டன் இதப் பாத்துத்தான் பொழச்சாரு" என்று ஒரு கிழவனாவது ராஜாவின் காலைப் பிடித்திருப்பானே? மோசேயின் கை பட்டதாயிற்றே, ராஜாவுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாமலா இருந்திருக்கும்? அதெல்லாம் எழுதப்படவில்லை. அவன் கர்த்தரைப் பற்றிக்கொண்டிருந்தான் என்று மட்டும் இருக்கிறது. இரண்டு கையாலும் அவரைப் பற்றிக்கொண்டவனுக்கு வேறு எதையும் பிடிக்கக் கை ஏது? தாம் கொடுத்ததையே உடைக்கச் சொல்லும் தேவன் எவ்வளவு பெரியவராக இருக்க வேண்டும்! எனக்குப் பயமாக இருந்தது. ஓடத் தோன்றும் பயம் இல்லை, செருப்பைக் கழற்றத் தோன்றும் பயம்.

பரணில் போட்டதும் தப்பு என்று அப்போதுதான் உறைத்தது. சவுல் ராஜாவும், எதிரியின் எல்லாவற்றையும் அழிக்கக் கர்த்தர் சொன்னால், கொழுத்த ஆடுகளைக் கர்த்தருக்குப் பலியிடத்தான் என்று ஒதுக்கி வைத்தான். நாமும் அப்படித்தானே, ஆகாது என்று தெரிந்ததைக்கூட நல்ல காரியத்துக்கு ஆகும் என்று ஒதுக்கி வைக்கிறோம்.

தம்பி வந்து உட்காரும்வரை பொறுக்கலாமே என்பாய். நானும் அதைத்தான் புரண்டு புரண்டு யோசித்தேன். அவர் அதில் உட்கார்ந்து எழுந்து நடந்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த ராஜா வந்தாலும் அதை உடைக்க முடியாது. நடக்காவிட்டால், நீ அன்றைக்கே கர்த்தரை விட்டுவிடுவாய். இரண்டுமே எனக்கு நடுக்கமாக இருக்கிறது. அதனால் நீ வருவதற்கு முன்பே வெட்டக் கொடுக்கப் போகிறேன். உன்னிடம் சொல்லாமல் செய்ய மனம் வரவில்லை.

உன் அக்கா

பிப்ரவரி 18

அக்காவுக்கு,

படித்தேன். உங்களுக்கு ராஜாக்களின் கதை. எனக்கு, வாயோரம் வழிவதைத் துடைக்கக் கை வராத புருஷன்.

ஒன்று கேட்கிறேன், மனசாட்சியோடு சொல்லுங்கள். அத்தான் ஏணியிலிருந்து விழுந்து இப்படிக் கிடந்தால் வெட்டுவீர்களா? இத்தனை வருஷம் பொறுத்த கர்த்தர் இன்னும் பத்து நாள் பொறுக்க மாட்டாரா?

காலில் விழுந்து கேட்கிறேன், அவர் ஒரே ஒரு முறை உட்காரட்டும். பிறகு வெட்டுங்கள், எரியுங்கள், நானே எண்ணெய் ஊற்றுகிறேன். அதற்கு முன்னால் வெட்டினால் எனக்கு அக்கா இல்லை. கடிதமும் வேண்டாம்.

பிப்ரவரி 23

என் தங்கச்சிக்கு,

வேண்டாம் என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் தெரியவில்லை. அத்தான் அப்படிக் கிடந்தால் என் கை வந்திருக்குமா? வராமலும் போயிருக்கலாம். அந்தப் பதிலோடுதான் நாற்காலியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெல்டிங் பட்டறைக்குப் போனேன். வழியெல்லாம் உன் முகம்.

பட்டறைக்காரர் விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். "கீல் கல்லு மாதிரி இருக்கேக்கா, இத ஏன் வெட்டணும்?"

"ஜனங்க இது மேல ரொம்ப பாரம் ஏத்திட்டாங்க தம்பி."

கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "வளைஞ்ச மாதிரி தெரியலையே?"

"வெட்டுங்க" என்றேன். அழுதுவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, மேற்கொண்டு கேட்கவில்லை. பொறி பறந்தது. வானம் இடியவில்லை, பூமி பிளக்கவில்லை. துண்டுகளை மூலையிலிருந்த குவியலில் எறிந்தார். அடுத்த நிமிஷம் எது நாற்காலி, எது யார் வீட்டுச் சன்னல் கம்பி என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. இதற்கா பாதிச் சபை வரிசையில் நின்றது!

வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அது இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு மகா பரிசுத்த ஸ்தலம் நினைவுக்கு வந்தது. உடன்படிக்கைப் பெட்டியின்மேல் பொன்னால் கிருபாசனம் என்ற மூடி, இருபக்கமும் சிறகு விரித்த கேருபீன்கள், நடுவில் ஒன்றுமில்லை. சுற்றியிருந்த தேசங்களெல்லாம் தங்கள் சாமியைச் செய்து உட்கார வைத்தபோது, இஸ்ரவேலின் உள்ளறையில் மட்டும் அந்த இடம் காலியாக இருந்தது. அந்தக் காலி இடத்திலிருந்துதான் நான் உன்னோடு பேசுவேன் என்றார் கர்த்தர். எத்தனை முறை வாசித்திருக்கிறேன், இப்படிப் பட்டதில்லை. முட்டி வலி மறந்து, அந்த வெறும் தரைக்கு முன்னால் விழுந்தேன். எவ்வளவு நேரமோ. தம்பியின் பேரைச் சொல்ல வாய் திறந்தால், சொல்வதற்கு முன்பே யாரோ கேட்டுக்கொண்டிருப்பது போல இருந்தது.

கட்டில் விரித்தபடி இருக்கிறது. வா.

உன் அக்கா

மார்ச் 30

தங்கச்சிக்கு,

இருபத்தெட்டாம் தேதி முழுக்க வாசலில் நின்றேன். எந்த வேன் சத்தம் கேட்டாலும் அத்தான் ஏணியிலிருந்து எட்டிப் பார்த்தார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு இப்போது மூன்று பேர்தான். பேக்கரிக்காரர் மனைவி தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதெல்லாம் இருக்கட்டும். தம்பி எப்படி இருக்கிறார் என்று ஒரு வரி, திட்டாவது எழுது.

அக்கா

மே 9

அக்காவுக்கு,

எப்படியும் வெட்டியிருப்பீர்கள் என்று தெரியும், உங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் தையல் மெஷின் டிராயரில் போட்டு வைத்திருந்தேன். போன வாரம்தான் பிரித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஊரைவிட்டு வரும்போது நானும் அந்த நாற்காலியில் கொஞ்சம் சுரண்டி எடுத்து வந்தேன். நீங்கள் வெட்டப் போவதாக எழுதியதும், அந்தப் பொடியைச் சின்னத் துணியில் வைத்துத் தைத்து அவர் தலையணைக்குள் சொருகினேன். தினமும் ஜெபிக்கும்போது என் கை அவர்மேல் இருக்காது, அந்த முடிச்சின்மேல் இருக்கும்.

ஒரு நாள் அவர் இடது கையால் துழாவி அதை வெளியே எடுத்துவிட்டார். பல்லால் கடித்துத் தையலைப் பிரித்தார். என் தையல், சுலபத்தில் பிரியுமா? பிரித்தார் மனுஷன். உள்ளங்கையில் கொட்டி என்னிடம் நீட்டினார்.

"எ... என்னது?"

"ஒண்ணுமில்ல, தாங்க இப்படி."

"என்ன...து?" விடவில்லை. பழைய சண்டைக்காரர் கண்ணில் வந்துவிட்டார்.

"பெயிண்டு" என்றேன்.

அவர் பொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெ... பெயிண்டா?" பாதி வாயால் சிரித்தார் பாருங்கள்! எனக்கும் சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாகி, உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ராஜா வெண்கலத் துண்டு என்று சொன்னானே, அது என் வாயிலிருந்தே வந்துவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்பத் தலையணைக்குள் வைக்கக் கை வரவில்லை.

அப்போது பயந்தேன் அக்கா. பிடிக்க எதுவுமே இல்லை. அவர் செத்த கைமேல் என் கையை வைத்தேன், கண்ணை மூடவும் தைரியம் வரவில்லை. கர்த்தாவே என்றேன், அதற்கு மேல் வார்த்தை இல்லை. அறை நிறைந்திருந்தது. எப்படி எழுத? மெஷின், துணிக் குவியல், மருந்து வாசனை எல்லாம் அப்படியே இருக்க, அறை நிறைந்திருந்தது. அவருக்கும் தெரிந்தது, சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். பிறகுதான் எழுந்து போய் டிராயரைத் திறந்து உங்கள் கடிதங்களைப் பிரித்தேன்.

சுகமாகிவிட்டார் என்று சபையில் சொல்லிவிடாதீர்கள். ஆகவில்லை. பிடித்துக்கொண்டு நிற்கிறார். நடப்பாரா என்றால் டாக்டர் இன்னும் ஃபைலைத்தான் பார்க்கிறார். உங்கள்மேல் எனக்கு வருத்தம் தீரவுமில்லை. பத்து நாள் கேட்டேன், தரவில்லை. அது சரிதான் என்று புத்திக்குத் தெரிகிறது, நெஞ்சு இன்னும் வரவில்லை. அதையும் கையோடு எடுத்துக்கொண்டுதான் வருகிறேன். வந்து நேரில் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

பதினாறாம் தேதி காலை வருகிறோம். வியாழக்கிழமைதான், கூட்டத்தில் அவரையும் உட்கார வைக்க வேண்டும். தரையில் உட்கார அவரால் முடியாது, வலப்பக்கம் சாய்ந்துவிடுகிறார். கை வைத்த நாற்காலி ஒன்று வேண்டும். யார் வீட்டு நாற்காலியாக இருந்தாலும் சரி.

உங்கள் ஊசி