என் போனில் நீ ஒட்டிய சிவப்பு அம்பு

தோஸ்த்,

நேற்று பஜாரில் போனுக்குக் கண்ணாடி மாற்றப் போயிருந்தேன். கடைக்காரர் போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, பின்பக்கம் ஒட்டியிருந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டப் போனார். "ஐயய்யோ, அத விடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில், ரீசார்ஜுக்கு வந்திருந்த ஒரு அம்மா ஓரடி தள்ளி நின்றுகொண்டார். "இன்னா சார், ராசியான ஸ்டிக்கரா?" என்றார் கடைக்காரர். அது நான் வாங்கிய ரிஜெக்ட் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சும்மா தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் பேக்கிங், நீ கடைசி செக்கிங். தோலில் ஒரு கீறல், தையலில் ஒரு பிசகு இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஒட்டுவாய். அந்த ஜோடி திரும்பிப் போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வரும் நாளில் நல்ல ஜோடிகளாகப் பார்த்து மேலே அடுக்குவது என் கைங்கரியம். நீயோ அடுக்கின் அடியில் கையை விட்டு ஒரு பெட்டியை உருவுவாய். "மேல இருக்கறது உன் மூஞ்சிப்பா. அடியில இருக்கறதுதான் சரக்கு" என்பாய். எத்தனை தடவை அசடு வழிந்திருக்கிறேன்!

சர்க்கரை உன் கண்களை வாங்கிக்கொண்ட பிறகு வேலையை விட்டாய், ஸ்டிக்கரை விடவில்லை. மாத்திரை அட்டைகளில் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு இரண்டு என்று ஒட்டி வைத்து, தடவிப் பார்த்து எடுத்துக்கொள்வாய். போனையும் பழகிக்கொண்டாய். விரல் போகும் இடத்தையெல்லாம் ஒரு பெண்குரல் படித்துச் சொல்லும். வேண்டியதை இரண்டு தட்டு தட்டினால் போதும். அது படிக்கிற வேகத்தில் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாது. நீ ரேடியோ கேட்பதுபோல் உட்கார்ந்திருப்பாய். ஒன்றுதான் உன்னால் முடியவில்லை. வேலூர் சர்க்கரை டாக்டரிடம் மாதாமாதம் டோக்கன் எடுக்க உன் மகன்தான் வர வேண்டும். "அவன் மறந்துட்டா நான் ஞாபகப்படுத்தணும். ஞாபகப்படுத்துனா குரல் மாறுது. நானே எடுத்துட்டா போதும்ப்பா, வேற ஒண்ணும் வேணாம்" என்று ஒருநாள் சொன்னாய்.

அதே டாக்டருக்குப் புது வெப்சைட் செய்யும் வேலை என் மகள் ஜான்சிக்கு வந்தது. நான் பத்தாவதையே இரண்டு தரம் எழுதி, அப்போதும் கணக்கு வாத்தியாரின் இரக்கத்தில் பாஸானவன். மகள் சென்னையில் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல கடைக்கு ஷட்டர் போடற வேலை" என்பேன். அவள் போனில் சொன்னாள்: "கண்ணு தெரியாதவங்களும் தானா டோக்கன் எடுக்கற மாதிரி செஞ்சிருக்கேன்பா. திங்கக்கிழமை ஓப்பன் பண்றாங்க. மாமாவ ஒரு தடவை போட்டுப் பாக்கச் சொல்லு. நீ வீடியோ மட்டும் எடு. கைய வெக்காத."

ஞாயிற்றுக்கிழமை உன் கட்டிலில் இருவரும் உட்கார்ந்தோம். உன் போனில் பெயர், ஊர் எல்லாம் மளமளவென்று போட்டாய். தேதிக் கட்டங்களுக்கு விரல் வந்தது. "பட்டன்" என்றது குரல். அடுத்த கட்டத்துக்குப் போனாய். "பட்டன்." அதற்கடுத்ததும் "பட்டன்." எந்தத் தேதி, காலியா இல்லையா, ஒன்றும் சொல்லவில்லை. என் கண்ணுக்குத் தேதிகள் பச்சைப் பசேலென்று தெரிந்தன. என் பெண் முதன்முதலாகத் தனியாக எடுத்துச் செய்த வேலை! என் போன் கேமராவை மெதுவாக உன் முகத்துக்கு உயர்த்தினேன். மறுகையால் உன் விரலைப் பிடித்து ஒரு பச்சைக் கட்டத்தில் வைத்து இரண்டு தட்டு தட்டினேன். "டோக்கன் ஏழு" என்றது போன். "சூப்பர்!" என்று கத்தி, வீடியோவை அனுப்பியும் விட்டேன்.

நீ சிரிக்கவில்லை. "மேல நல்ல பீஸ் வெச்சிட்டியா?" என்றாய்.

"இன்னாப்பா, சின்ன உதவி..."

"இங்க வந்து மாட்றவன் வீட்டுக்கெல்லாம் நீ போயி கையப் புடிப்பியா? உன் போனக் குடு."

கொடுத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டிக்கரை உரித்து, போனின் முதுகைத் தடவிப் பார்த்து ஒட்டினாய். பிறகு ஜான்சியைக் கூப்பிடச் சொன்னாய். "உங்கப்பன் கைய வெச்சிட்டான்மா. ரிஜெக்ட்."

அழப்போகிறாள் என்று நினைத்தேன். "எந்த எடத்துல மாமா?" என்றாள். சாக்கு இல்லை, சடைப்பு இல்லை. நேராக அந்தக் கேள்வி. என் பெண்ணுக்கு நான் சொல்லித்தராத எதுவோ அவளிடம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அவளே டாக்டரிடம் பேசித் திட்டு வாங்கி, திறப்பை ஒரு வாரம் தள்ளி வைத்தாள்.

அடுத்த ஞாயிறு அவளே வந்தாள். "அப்பா, நீ வெளிய உக்காரு" என்று என்னைத் தெருவில் நிறுத்திவிட்டாள். உன் வீட்டம்மா டீ கொண்டுவந்து, "பிரசவ வார்டு வாசல்ல நிக்கற மாதிரி நிக்கறீங்களே அண்ணா" என்று சிரித்தார். உள்ளேயிருந்து போனின் குரல் கேட்டது: "பதினெட்டு, புதன்கிழமை, காலியாக உள்ளது." இரண்டு தட்டு. "உங்கள் டோக்கன் மூன்று."

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த உன் மகன், வண்டியை நிறுத்தியபடியே கேட்டான்: "நைனா, டோக்கன் போடணுமில்ல?"

"எடுத்தாச்சு!" என்றாய். தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்.

நீ போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜான்சி இப்போது ஒரு டூல் செய்திருக்கிறாள். எந்த வெப்சைட்டைக் கொடுத்தாலும், பெயர் சொல்லாத பட்டன்களைத் தேடிப்பிடித்து, அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பை நிறுத்தும். ஏன் அம்பு என்று ஆபீஸில் கேட்டார்களாம். "எங்க ஊர்ல செக்கிங்னா அதான்" என்றாளாம். இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கேட்காதே. டீக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே "அம்பு வந்துட்டாரு" என்கிறார்.

டூல் பாஸ் போட்டாலும் ஆள் ஒருத்தர் போட்டுப் பார்க்கணும் என்பாள். அதனால் பேரணாம்பட்டில் பார்வையில்லாத டீச்சர் ஒருவர் வீட்டுக்கு என்னை வீடியோ எடுக்க அனுப்புகிறாள். போனை எதிரே டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். டீச்சர் ஏதாவது ஒரு கட்டத்தில் மாட்டிக்கொள்ளும்போது என் விரல்கள் துடிக்கும். போன வாரம்கூட ஒரு கை வெளியே வந்துவிட்டது. டம்ளரில் பட்டு, போன் குப்புற விழுந்தது.

பார்த்தேன். வெளுத்து ரோஸாகிப்போன உன் அம்பு நேராக என்னைக் காட்டிக்கொண்டிருந்தது. போனை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையை மறுபடி அடியில் போட்டுக்கொண்டேன்.