ஊறாத வாயும் பாஸ்கு நன்மையும்

1947, மார்ச் 24, திங்கள்

வெயில் இப்போதே சித்திரை மாதிரி. காலையில் இமை ஒட்டிக்கொண்டது. ஈரத்துணி வைத்துப் பிரித்தேன். உள்ளே மணல். விரல் மூட்டெல்லாம் வீக்கம்.

பள்ளிக்கூடத்தில் பதிமூன்றாம் வாய்ப்பாடு நடுவில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டி நின்றுவிட்டது. பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன்.

மாலை நாத்தனார் மரியம்மாள். சுண்டல், ஊர்க்கதை, பிறகு விஷயம். "பாஸ்குத் திருநாளுக்காவது நன்மை வாங்குவீங்களா அண்ணி? உங்க சிசிலிக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம். அவ அம்மா ஏதோ சாவான பாவத்துல இருக்காங்கன்னு பேசிக்கினு இருக்காங்க."

எப்படிச் சொல்வது? கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நன்மை வாங்கும்போது அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பல் படக்கூடாது, விரல் படக்கூடாது. நன்மைக்கான உபவாசம் வேறு, நடுராத்திரியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் காணாத வாய். விழுங்கவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் வீடு வரைக்கும் வாயை மூடிக்கொண்டு வந்தேன். ஆண்டவரை அவமதித்துவிட்டேனோ என்ற பயம். அதற்குப் பிறகு நன்மைக்கு எழுந்து போகவே இல்லை. மகள் கல்யாணம் என் எச்சிலில் நிற்கிறது.

மார்ச் 27, வியாழன்

பள்ளிக்கு லீவு. இவருக்கு அரக்கோணம் ஸ்டேஷனில்தானே வேலை, கண்ணைக் காட்டக் கூடவே போனேன். ரயிலில் வழியெல்லாம் கரித்தூள். கண் கோவைப்பழம்.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர். நெல்லூர்ப் பக்கம். தெலுங்கு கலந்த தமிழ். உறிஞ்சுதாளில் சின்னப் பட்டை நறுக்கி, நுனியை மடித்து, என் கீழ் இமைக்குள் மாட்டினாள். கண்ணை மூடச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் போட்டபடியே காய்ந்திருக்கிறது. வித்தியாசம் தெரியட்டும் என்று இவர் கண்ணிலும் ஒன்று. நனைந்து நனைந்து அடி வரைக்கும் ஈரம். இவர் அழவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். அப்பனைப் புதைத்த அன்றுகூட அழாத மனுஷன். அவருக்குள் இவ்வளவு தண்ணீரா? அந்தத் தாளைக் கீழே வைக்க எனக்கு மனசு வரவில்லை.

கண், வாய், மூட்டு என்று மூன்றுக்கும் தனித்தனி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொன்னாள்: "மூணும் ஒரே நோவும்மா. கண்ணுலயும் வாயிலயும் இருக்கற ஊத்து வத்திப்போவுது. ஏன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. முழுசா போவாது. ஆனா கூட வெச்சுகினு நல்லா வாழலாம்."

பாவத்தால் வருமா என்று கேட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. இல்லை என்று மட்டும் தலையாட்டினாள்.

செய்ய வேண்டியது:
கண்ணுக்குச் சொட்டு மருந்து, பகலில் பல தடவை.
தண்ணீர் மிடறு மிடறாக. மடமடவென்று வேண்டாம்.
சோறு குழைவாக. மோர் நிறைய.
இனிப்பு குறைக்க வேண்டும், தின்றதும் பல் விளக்க வேண்டும். எச்சில்தான் பல்லுக்குக் காவலாம்!
புகை, புழுதி ஆகாது. (அடுப்பை யார் ஊதுவது?)

திரும்பும் வண்டியில் எதிரே ஒரு கைக்குழந்தை. அம்மா தோளெல்லாம் எச்சில் வடிய விட்டிருந்தது. அவள் சலித்துக்கொண்டே துடைத்தாள். நான் திருத்தணி வரும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன். உலகத்தில் எல்லோரும் கேட்காமலே ஊறிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

ரேஷனில் சர்க்கரை இல்லை. எனக்கு நஷ்டமில்லை.

சொட்டு மருந்து வேலை செய்கிறது. ஒரு பக்கம் முழுக்க வாசித்தேன். ஜன்னலில் ஈரச்சாக்கு தொங்கவிட்டாயிற்று. மூட்டு மட்டும் அப்படியே.

நாளை பங்குனி உத்திரம். இன்றே தெருவெல்லாம் காவடி, அரோகரா. நாக்கில் வேல் குத்திய ஒருவர் எங்கள் வாசலில் நின்றார். வேல் நுனியிலிருந்து எச்சில் சொட்டுச் சொட்டாக. எல்லோரும் வேலைப் பார்த்தார்கள். நான் எச்சிலைப் பார்த்தேன். மாதாவே, மன்னித்துக்கொள்ளும்.

ஏப்ரல் 5, சனி

பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார். கிறிஸ்துமஸ் முதல் எல்லாவற்றையும் சொன்னேன். தாள் காய்ந்திருந்ததையும்.

எல்லாம் கேட்டுவிட்டுச் சாமியார் சொன்னார்: "அப்பம் நாக்குல பட்டதுமே உபவாசம் முடிஞ்சுபோச்சேம்மா. அதுக்கு மேல தண்ணி குடிக்கக் கூடாதுன்னு யார் சொன்னது?"

யார் சொன்னது? அம்மா சொன்னாள். மரியம்மாள் சொன்னாள். நன்றி ஜெபம் முடிகிற வரைக்கும் தண்ணீர் ஆகாது என்று ஊரே சொல்கிறது. ஒருத்தரும் போய்க் கேட்டதில்லை. நாளைக்குக் கடைசியாக வந்து முழங்காலிடச் சொன்னார்.

ஏப்ரல் 6, ஞாயிறு. பாஸ்கு, ஆண்டவர் உயிர்த்த திருநாள்

விடியற்காலைப் பூசை. கோயில் நிறைய ஜனம். கடைசியாகப் போனேன். முதுகு முழுக்கக் கண்கள். சாமியார் அப்பத்தில் நகக்கண் அளவு கிள்ளி நாக்கில் வைத்தார். உடனே சின்னக் கரண்டியில் தண்ணீர்.

இறங்கியது. அவ்வளவுதான். தொண்டை வழியாக இறங்குவது நெஞ்சு வரைக்கும் தெரிந்தது. சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தேன்.

வெளியே மரியம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தொடங்குமுன் யாரோ முந்தானையை இழுத்தார்கள். பொதட்டூர்பேட்டைக்காரி, தறிக்காரர் பெண்சாதி. பாஸ்குக்காக நேற்றே வந்தவளாம். இதுவரை பேசியதில்லை.

"எனக்கும் ஒட்டிக்குது டீச்சரம்மா. கண்ணும் எரியுது. அழுதா தண்ணி வரமாட்டேங்குது. நான் பண்ண பாவம்னு நெனச்சுகினு, நன்மை வாங்காமயே பல வருஷமா கடைசி வரிசையில ஒக்காந்துகினு இருக்கேன்."

அவள் கையை எடுத்துப் பார்த்தேன். என் விரல் மாதிரியே வீங்கிய மூட்டு. மரியம்மாள் ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள்.

இன்று ராத்திரி நம் வீட்டில் தங்குகிறாள். காலை வண்டிக்கு அரக்கோணம், லேடி டாக்டரிடம். மோர்ச்சோறு இரண்டு பேருக்கு, குழைவாக.