மண்டபத்தில் நான் அடித்த கோல்டு கலர்

விருத்தாசலம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் பாரிக்கு அம்மா பாஞ்சாலை எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அப்பாவுக்கு முட்டி வலி மட்டும் பழையபடிதான், தைலம் தேய்த்துக்கொண்டு ஆட்டோ ஓட்டப் போகிறார். மஸ்கட்டில் நீயும் உன் ரூமில் இருக்கிற பிள்ளைகளும் சுகமாக இருக்கப் பழமலைநாதரை வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் ரூம் பையன் முபாஷிரிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

போன மாதம் அவன் மங்கலம்பேட்டையிலிருந்து பைக்கில் வந்து நீ கொடுத்த சோப்பும் பேரீச்சம்பழமும் கொடுத்தான். டீ குடிக்கும்போது சும்மாதான் கேட்டேன், பாரியோட மீனெல்லாம் எப்படி இருக்குது தம்பி என்று. எந்த மீனும்மா, நீங்க அனுப்புன பொம்மை மண்டபத்த மீன் தொட்டில வெச்ச ரெண்டாவது வாரமே எல்லாம் செத்துப்போச்சுங்களே என்றான். எனக்குத் தெரியாது என்று புரிந்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கணும். அவனைத் திட்டாதே. நீயோ ஏழு மாதமாக மீனெல்லாம் மண்டபத்துக்குள்ள பூந்து வெளையாடுதும்மா என்கிறாய், நானும் அதைப் பொம்மை செய்கிற எங்கள் யூனிட் முழுக்கச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

தப்பு என் மேல்தான். இருபத்திரண்டு வருஷமாகப் பொம்மைக்குக் கலர் அடிக்கிறேன். சூளையில் வெந்தது தண்ணீரை என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன். வெந்தது மண்டபம்தான், கோல்டு கலரும் சிவப்பும் வெந்த பிறகு நான் கையால் அடித்தது. அலமாரியில் வைக்கிற பொம்மைக்கு அது போதும், தண்ணீரில் ஊறினால் உரிந்து தண்ணீரையே விஷமாக்கிவிடும். தெரிந்த விஷயம்தான், உனக்கு அழகாக இருக்கணும் என்ற ஆசையில் புத்தி வேலை செய்யவில்லை. அந்த மீன்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

இப்போது புதுசாக மீன் விடக் கடற்கரையில் கல்லும் சங்கும் பொறுக்கி வைத்திருக்கிறாயாம். சங்கு, சிப்பி, பவளக்கல் எதுவும் வேண்டாம், எல்லாம் சுண்ணாம்பு, கரைந்தால் நல்ல தண்ணீர் மீனுக்கு ஆகாது. எங்கள் யூனிட்டில் களிமண்ணில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதா என்று ஆசிட் விட்டுப் பார்ப்பார்கள். நீ வினிகர் வாங்கிக் கல்லின் மேல் நாலு சொட்டு விடு, நுரைத்தால் தூக்கிப் போடு. துருப்பிடித்த மாதிரி கோடு ஓடுகிற கல்லும் வேண்டாம். சோப்புப் போடாதே, அடுப்பில் வைத்துக் கொதிக்கவும் விடாதே, கல் வெடிக்கும், வெந்நீர் ஊற்றி பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பெரிய கல்லை முதலில் அடியில் உட்கார வைத்துவிட்டு அப்புறம் மணல் போடு, மணல் மேல் வைத்தால் சரிந்து கண்ணாடியை உடைத்துவிடும்.

இதோடு மீன் புகுந்து விளையாட ஒரு பாதிச் சட்டி அனுப்பியிருக்கிறேன், கலரும் இல்லை, பளபளப்புக்குப் பூசுகிற கிளேஸும் இல்லை, வெறும் சுட்ட மண். மீனின் செதில் கிழியாமல் இருக்க விளிம்பை உப்புக் காகிதத்தில் தேய்த்திருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் நாலு கப்பி மீன் வாங்கி இதோடு டப்பில் விட்டு இருபது நாள் பார்த்தேன், நாலும் உயிரோடு இருக்கிறது. ஒங்கம்மா கொழம்புக்கு மீன் வளக்கறா என்று அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். ஒரு பூவாவது போடலாமென்று கை பரபரத்தது, போடவில்லை.

எனக்கு இப்போது வேறு கவலை. மீன் நல்லா இருக்குது என்று சொன்ன அதே குரலில்தான் வேலை நல்லா இருக்குது, சாப்பாடு நல்லா இருக்குது, நானும் நல்லா இருக்கேம்மா என்று வாரா வாரம் சொல்கிறாய். முன்பு அதைக் கேட்டதும் நிம்மதியாக வேலையைப் பார்ப்பேன், இப்போது முடியவில்லை. நான் வருத்தப்படுவேன் என்றுதான் மறைத்தாய், தெரியும். வருத்தப்பட்டால் பட்டுவிட்டுப் போகிறேன், அதற்குத்தானே அம்மா. நீ எப்படி இருக்கிறாய் என்று உள்ளதை உள்ளபடி எழுது.

நோய் நொடி இல்லாமல் மகராசனாக இருடா சாமி. சட்டியை ஒரு நாள் ஊறவைத்து அப்புறம் தொட்டியில் வை. மறுபடியும் மீன் செத்தால் அன்றைக்கே எனக்குச் சொல்லிவிடு.

உன் அம்மா
த. பாஞ்சாலை