அந்தரத்தில் நின்ற மருந்துப் பெட்டி

அனுப்புநர்:
புதிய கிரேனை இயக்குபவர்,
துறைமுகப் பணியாளர் குடியிருப்பு.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
துறைமுக வாரியம்.

பொருள்: வெளிநாட்டுக் கடனில் நிறுவப்பட்ட கிரேனை நிறுத்தும் உரிமை – இரண்டாம் ஒப்பந்தத்தில் திருத்தம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்தக் கிரேனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதன் கூண்டில் ஏறி உட்கார்ந்த அன்று ஊரே உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது போலிருந்தது. லாரி அளவுப் பெட்டியைப் பூப்போலத் தூக்கி வைக்கிறது. பழைய கிரேன்களை ஓட்டித் தோள் கழன்ற எனக்கு அது இன்றைக்கும் அதிசயம்தான்.

2. சென்ற புதன்கிழமை காலை, கப்பலிலிருந்து ஒரு பெட்டியைத் தூக்கிப் பாதி வழி கொண்டுவந்தபோது கிரேன் நின்றுவிட்டது. அரசு மருத்துவமனைக்கு வந்த டயாலிசிஸ் திரவம் அதில் இருந்தது. மறுநாள் என் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ். கையிருப்பு தீர்ந்துவிட்டதை அவரைக் கவனிக்கும் நர்ஸம்மாவே என்னிடம் சொல்லியிருந்தார்.

3. பழுது என்றுதான் நினைத்தோம். கடன் கொடுத்த நாட்டு நிறுவனத்துக்குப் போன் செய்துவிட்டு வந்த மேற்பார்வையாளர், "மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லம்மா. தவணை பாக்கியாம். அங்கேருந்தே நிறுத்திட்டாங்க" என்றார். முதல் ஒப்பந்தத்திலேயே அதற்கு இடமிருக்கிறதாம். பழைய கிரேன்களையும் அதே ஒப்பந்தப்படி இரும்புக்கடைக்கு விற்றாகிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ விரலை அசைக்க, இங்கே என் கையில் இருந்த கிரேன் மரத்துப்போனது. வயிறு எரிந்தாலும் வியக்காமல் இருக்க முடியவில்லை, ஐயா.

4. வியாழன் மாலை, தவணைக்கு அவகாசம் கிடைத்ததாகவும், பதிலுக்கு இரண்டாம் முனையத்தையும் அவர்களுக்கே கொடுக்க அரசு சம்மதித்ததாகவும் செய்தி வந்தது. அதைப் படித்து முடிப்பதற்குள் கிரேனில் விளக்குகள் எரிந்தன. பெட்டியை இறக்கினேன். வெள்ளிக்கிழமைதான் அவருக்கு டயாலிசிஸ் நடந்தது. அதற்குள் முகமெல்லாம் வீங்கி, மூச்சு வாங்கியது. நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொன்னபோது, "அவ்ளோ தூரத்துலேருந்தா?" என்று கேட்டார். அவருக்கும் ஆச்சரியம்தான்.

5. கடன் வாங்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? அந்தக் கிரேன் இல்லாமல் இனி இந்தத் துறைமுகமும் இல்லை. ஆனால் இரண்டாம் முனையத்துக்கான அந்த இரண்டாம் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்று அறிகிறேன். எந்தத் தகராறு வந்தாலும், மருந்தும் உணவும் தரைக்கு இறங்கும்வரை கிரேனை நிறுத்தக் கூடாது என்று அதில் ஒரு வரி சேர்க்கத் தாங்கள் ஆவன செய்ய வேண்டுமெனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மருந்துக் கப்பல் இம்மாதம் இருபதாம் தேதி வருகிறது. தவணைக்குக் கொடுத்த அவகாசம் முடிவதும் அதே வாரம்தான், ஐயா.

இடம்: துறைமுகக் குடியிருப்பு
நாள்: மார்ச் 9

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
புதிய கிரேனை இயக்குபவர்