ஃபேனைக் குறைத்தது நான்

செவ்வாய் இரவு, உச்சிப்புளி

இதை யார் எடுத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்ட வேண்டாம். அண்ணனிடம் காட்டவே கூடாது.

அண்ணன் கல்யாண வீடியோ எடிட் செய்யும் கம்ப்யூட்டரில் ராத்திரி திருட்டுத்தனமாக நான் கேம் விளையாடுவேன். அப்போது உள்ளே இருக்கும் ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி இரையும். பக்கத்தில் படுத்திருக்கும் எங்களைப் பெற்ற அய்யா விழித்துவிடுவாரே என்று நேற்று அதன் வேகத்தை செட்டிங்கில் அடியோடு குறைத்து வைத்தேன். திரும்பக் கூட்ட மறந்துவிட்டேன்.

இன்று அண்ணன் மாரியூர் கல்யாண வீடியோவை முழுப் படமாக்க ரெண்டர் போட்டால், பாதியிலேயே கம்ப்யூட்டர் சூடாகித் திரும்பத் திரும்ப அணைந்துபோனது. மாப்பிள்ளை நாளைக் காலையில் சிங்கப்பூர் கிளம்புகிறார். அதற்குள் கொடுத்தாக வேண்டும்.

அண்ணன் பெட்டியைக் கழற்றித் துடைத்தான். "உப்புக்காத்து ஃபேனைத் தின்னுருச்சு அய்யா" என்றான்.

"ஏலே, அந்தப் பெட்டியக் கட்டி அழுதது போதும். நாளைக்கு என்கூட வயலுக்கு வா" என்றார் அய்யா.

சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இப்போது அண்ணன் திறந்த பெட்டிக்கு நேராக டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டு, வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருக்கிறான். நான் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு நிமிஷத்தில் சரியாகிவிடும். சொன்னால் அடிக்க மாட்டான், திட்டவும் மாட்டான். பேசாமல் பார்ப்பான். அதை நினைத்தால்தான் கால் எழ மாட்டேன் என்கிறது.

கதவைத் தட்டுகிறான்.

"கவிதா, முழிச்சிருக்கியா? இங்கன ஒரு ஃபேன் பத்தல. உன் ஃபேனையும் தாரியா ஆத்தா?"

வாரேன் என்று சொல்லிவிட்டேன். போய் அவனிடம் உண்மையை—