தனியாள் பார்க்கப் போன பாட்டு நாடகம்

1955 பெப்ரவரி 1, செவ்வாய்

அட்டனில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். கொழும்பிலிருந்து வந்த நாடக சபை. முழுக்கப் பாட்டிலேயே நடக்கிற கதையாம், ஓடக்காரன் மகள் ஒருத்தி ராணியாகிறாள். ஞாயிறு பகல் ஆட்டத்துக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறி போகிறது. சங்கத் தலைவர் சோலைமலைதான் பேர் எழுதுகிறார்.

நானும் கொடுத்தேன்.

"யாரோட வர்றீங்க?"

"யாரோடயும் இல்ல. நான் மட்டுந்தான்."

பென்சிலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். புருசன் செத்தவள் பாட்டுக் கேட்கக் கூடாதென்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது? அப்புறம் எழுதினார். எழுதும்போது ஒரு சிரிப்பு. எனக்குப் பிடிக்கவில்லை.

பெப்ரவரி 3, வியாழன்

இன்றைக்கு நான் பிள்ளை பார்க்கிற பிள்ளை மடுவத்தில் தொட்டில் எல்லாம் நிரம்பிவிட்டது. விடியற்காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு ஓடுகிற ஓட்டத்தில் தாய்மார் வாசலிலேயே பிள்ளையை என் கையில் திணித்துவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறார்கள். அது அவர்கள் வேலை, ஆயா வேலை என்னுடையது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நாள் முழுக்க நான்தான் தாலாட்டுகிறேன். சாயங்காலம் தொண்டை வறண்டுபோகிறது. ஒருநாளாவது எனக்கு யாராவது பாடட்டுமே! கையைக் கட்டிக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் உட்கார்ந்து கேட்கவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

பெப்ரவரி 5, சனி

நீலச் சேலையைத் துவைத்துப் போட்டேன். மழை இல்லை. காய்ந்துவிட்டது.

பெப்ரவரி 6, ஞாயிறு

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்க்கிறேன்.

லொறியில் ஏறி உட்கார்ந்ததும் ராக்காயி தன் பிள்ளை சின்னராசாவை என் மடியில் போட்டாள். "கொஞ்சம் பிடிங்கக்கா, சேலையச் சரிபண்ணிக்கிறேன்." சரி, பிடித்தேன். அவள் சேலை அட்டன் போய்ச் சேரும்வரைக்கும் சரியாகவில்லை. கொட்டகை வாசலில் மீனம்மா தன் பிள்ளையை நீட்டினாள். "ஒங்க கையிலன்னா அழமாட்டான்." பின்னாலேயே இன்னொருத்தி. பெரட்டுக்கு ஓடுகிற அதே ஓட்டம், அதே திணிப்பு. ஞாயிற்றுக்கிழமை என்பதுகூட மறந்துபோச்சா இவளுங்களுக்கு?

"ஒங்களுக்கென்னக்கா, தனியாள்தானே!"

தனியாளாம். தனியாளுன்னா காது இல்லையா? நானும் சீட்டு வாங்கித்தானே வந்தேன்?

முதல் பாட்டுக்கு ஆர்மோனியம் எடுத்ததும் ஒன்று வீறிட்டது. அதைப் பார்த்து மற்றதுகளும். முன்னாலிருந்து சோலைமலை திரும்பினார். "வெளிய கொண்டு போங்க ஆயம்மா, ஒண்ணும் கேக்கல."

அவருக்குக் கேட்கவில்லையாம்!

நான் போனேன். ஏன் போனேன்? முடியாதுன்னு சொன்னா என்ன? கால் பழக்கத்தில் போய்விட்டது. இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று, சேலையைப் பிடித்துக்கொண்டு ஒன்று. கடலை விற்கிறவன் பக்கத்தில் நின்றேன். உள்ளே கைதட்டினார்கள், சிரித்தார்கள். பாட்டில் பாதி தகரத்தைத் தாண்டி வரவே இல்லை.

திரும்பி வரும்போது லொறி முழுக்க அதே பாட்டுத்தான். என் நீலச் சேலையில் மூத்திர வாடை. ஒருத்தி — ஒரே ஒருத்தி — "நீங்க பாத்தீங்களாக்கா" என்று கேட்டிருக்கக் கூடாதா?

பெப்ரவரி 7, திங்கள்

பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கிய ராக்காயி, ராணி பாட்டை முனகிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"வாய மூடுடி!" என்று கத்திவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்ததெல்லாம் எழுந்துவிட்டன. "வெக்கமா இல்ல? ஞாயித்துக்கெழமையும் ஒம்புள்ளைய நானே தூக்கணுமா? நான் என்ன, நீ கட்டிப்போட்ட தொட்டிலா?"

தலையைக் குனிவாள் என்று நினைத்தேன். அவளும் கத்தினாள்.

"எனக்கு மட்டும் ஞாயித்துக்கெழம இருக்கா? விடிஞ்சா கூடை, பொழுதடைஞ்சா அடுப்பு, படுத்தா புள்ள. நேத்துத்தான் எங்கை ரெண்டும் சும்மா இருந்துச்சு. அது ஒங்களுக்குப் பொறுக்கலையா?"

என் கோபம் போகவில்லை. அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். நான் அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டிருந்தேன்.

பெப்ரவரி 8, செவ்வாய்

நேற்றிலிருந்து இதே யோசனை. அவள் கையும் ஓயவில்லை, என் கையும் ஓயவில்லை. அப்படியானால் அந்தக் கொட்டகையில் யார் கை சும்மா இருந்தது?

வீரய்யா, ராக்காயி புருசன், எங்கள் பெஞ்சின் ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் பெற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனைத் தாண்டித்தான் வெளியே போனேன். காலை மடக்கி வழிவிட்டான். என்ன ஒரு மரியாதை! அவனை விட்டுவிட்டு இவளிடம் போய்க் கத்தியிருக்கிறேன், புத்தி கெட்டவள்.

இன்று பால் கொடுக்க வந்தபோது ராக்காயியிடம் இதை அப்படியே சொன்னேன். அவள் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு போனாள்.

பெப்ரவரி 10, வியாழன்

கொட்டகை இன்னும் ஒரு வாரம் இருக்குமாம். மறுபடியும் லொறி. சோலைமலை மடுவத்துக்கே வந்துவிட்டார்.

"ஒங்க பேரத்தான் மொதல்ல எழுதியிருக்கேன் ஆயம்மா. நீங்க வந்தாத்தான் பொம்பளைங்க நிம்மதியாப் பாப்பாங்க. ஒங்களுக்குச் சீட்டு சும்மா."

சும்மாவாம்! உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"என் சீட்டுக்கு நானே குடுப்பேன். புள்ள தூக்க வரல, பாட்டுக் கேக்க வர்றேன்."

"அப்ப புள்ளைங்கள?"

"பெத்தவங்க ரெண்டு பேரு இருக்காங்கல்ல?"

பெரிய வேடிக்கை கேட்டதுபோலச் சிரித்துக்கொண்டே போனார். சிரிக்கட்டும். ஆனால் இப்போது ராத்திரியில் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கையில் திணித்தால் கீழேயா போடமுடியும்?

பெப்ரவரி 13, ஞாயிறு

லொறியில் எனக்கு முன்னாலேயே ராக்காயி இருந்தாள், இடுப்பில் சின்னராசா. வீரய்யா ஏறி உட்கார்ந்ததும் பிள்ளையை அவன் மடியில் போட்டாள்.

"கொஞ்சம் பிடிங்க, சேலையச் சரிபண்ணிக்கிறேன்."

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். அவன் பிள்ளையைச் சுடுசட்டி மாதிரி பிடித்துக்கொண்டிருந்தான். மீனம்மா பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் புருசன் மடியிலும் ஒன்று இருந்தது. ஆண்கள் முணுமுணுத்தார்கள். லொறி கிளம்பிவிட்டது.

கொட்டகையில் பெஞ்சின் ஓரத்து இடம் எங்கள் இரண்டு பேருக்கும். முதல் பாட்டை முதலிலிருந்து கேட்டேன். ஓடக்காரன் மகள் ஆற்றைப் பார்த்துப் பாடுகிறாள். போன வாரம் வெளியே நின்றபோது வெறும் ஆர்மோனியம்தான் வந்தது. பாட்டுக்குள் இவ்வளவு சொல் இருந்ததா?

இரண்டாவது பாட்டில் பெஞ்சின் அந்தக் கோடியில் ஒரு பிள்ளை அழுதது. தெரிந்த அழுகை. சின்னராசாவுக்குப் பல் வருகிறது. என் கை தானாக எழுந்தது. ராக்காயி அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

முன்னாலிருந்து சோலைமலை திரும்பினார். என்னைப் பார்த்தார். நான் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வெளிய கொண்டு போ வீரய்யா, ஒண்ணும் கேக்கல."

வீரய்யா எழுந்து வந்தான். நாங்கள் இருவரும் காலை மடக்கி வழிவிட்டோம்.