புலி என்று நீ சொன்ன பிள்ளை

நேற்று சாயங்காலம் கார்த்திக் சீனக் கடையிலிருந்து சாப்பாடு வாங்கி வந்தான். டப்பாக்களுக்கு அடியில், அந்தக் கடையில் தட்டுக்குக் கீழே விரிப்பார்களே, அந்தக் காகிதம் ஒன்றும் சேர்ந்து வந்திருந்தது. சிவப்பு மையில் பன்னிரண்டு விலங்குகள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதற்குரிய ஆண்டுகள், நாலு வரி குணபலன். சோயா சாஸ் சிந்தி முயலும் டிராகனும் நனைந்துபோயிருந்தன. குப்பையில் போடப் போன நான், புலியைப் பார்த்ததும் அடுப்படியில் நின்றபடியே தனியாகச் சிரித்தேன். "வாட் ஹேப்பண்ட் மா?" என்றான். "உன் பெரியம்மா ஞாபகம்" என்றேன். காகிதத்தைப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னை நினைத்துச் சிரிக்க முடிகிறதே, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி. சிரிக்க முடியாமலே போயிருக்கும். அதை உனக்குச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவன் பிறந்த பொங்கலை முதலில் சொல்லிவிடுகிறேன். நாம் நியூஜெர்சிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரே அபார்ட்மென்ட்டில் நீ கீழே, நான் மேலே. நீ ஈரோடு, நான் திருநெல்வேலி. நான் பேசுவதில் பாதி உனக்குப் புரியாது, நீ பேசுவதைக் கேட்டு நான் பாதி நேரம் சிரித்துக்கொண்டிருப்பேன். எனக்கு வலி எடுத்த அன்று என் வீட்டுக்காரர் வேலைக்காகப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். வெளியே பனி. நீ லைசென்ஸ் வாங்கி ஒன்பதே நாள். "நீ கண்ண மூடிக்கோ கண்ணு, நானும் மூடிக்கிறேன், போயிரலாம்" என்று என்னைக் காரில் ஏற்றினாய். வழி முழுக்க நீ ஊர்ந்த வேகத்துக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஹார்ன் அடித்தார்கள். நர்ஸ் அவனை முதலில் தந்தது உன் கையில். பிறகு வீட்டுக்கு ஓடிப்போய்ப் பொங்கல் வைத்து ஹாட்பாக்ஸில் கொண்டுவந்து ஊட்டினாய்.

உனக்குப் பிள்ளை இல்லை. அதை நீயாகப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை. அவன் உன்னைப் பெரியம்மா என்றான். டேகேரில் பிள்ளையைக் கூட்டிப்போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் என் பெயருக்கு அடுத்தது உன் பெயர், இவர் பெயர் அதற்கும் கீழே. நாம் பிரிட்ஜ்வாட்டரில் தனித்தனி வீடு வாங்கிய பிறகும் அப்படித்தான் இருந்தது.

அதனால்தான் கார்த்திக் லின்னைப் பற்றிச் சொன்னதும், பெண்ணின் அம்மாவைப் பார்க்கப் போகும்போது உன்னைக் கேட்காமல் நான் நாள் குறிக்கவில்லை. லின் இங்கேயே பிறந்து வளர்ந்த சீனப் பெண். அப்பா சிறுவயதிலேயே விட்டுவிட்டுப் போனவர். பக்கத்து ஊரான எடிசனில் அம்மா தனியாக இரண்டு வேலை பார்த்து வளர்த்திருக்கிறார். அம்மா சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று முதலிலேயே கார்த்திக்கிடம் சொல்லிவிட்டாளாம். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நாம் எல்லாரும் அவர்களைச் சீனக் கடையில் சந்தித்த அந்த மத்தியானம் உனக்குப் பரபரப்பு தாங்கவில்லை. மீன் சாஸ் இல்லாமல் என்ன கிடைக்கும் என்று பரிமாறுபவரைப் படுத்தி எடுத்துவிட்டு, தட்டுக்கு அடியில் இருந்த காகிதத்தைப் படிக்க ஆரம்பித்தாய். "பாருடி, எலிக்கும் பன்னிக்கும்கூட ஒரு வருசம் குடுத்திருக்காங்க" என்று என் காதில் சொன்னாய். பிறகு கார்த்திக் பிறந்த ஆண்டை விரலால் தேடிக் கண்டுபிடித்து, மேஜைக்கே கேட்கும்படி, "அவர் பாய் இஸ் டைகர்! வெரி பிரேவ்!" என்றாய். லின்னின் அம்மா, "டைகர்?" என்று ஒருமுறை கேட்டார். "யெஸ், யெஸ், டைகர்" என்று நீ நெஞ்சைத் தட்டிக் காட்டினாய். அவர் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு எல்லாருக்கும் தேநீர் ஊற்றினார். அதற்குப் பிறகு அவர் அந்தக் குச்சிகளைத் தொடவே இல்லை.

இரண்டு வாரம் கழித்து கார்த்திக் வந்து, "வாட்ஸ் ராங் வித் டைகர், மா?" என்றான். லின் பாம்பு வருடத்தில் பிறந்தவளாம். பாம்புக்கும் புலிக்கும் ஆகவே ஆகாதாம். அவள் அம்மா கோபப்படவில்லை, சத்தம் போடவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டார். லின் இரண்டு நாளாக அழுகிறாளாம். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அடுத்த நிமிஷமே சிரிப்பு நின்றது. செவ்வாய் தோஷம் என்று எத்தனை பெண்களின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிய குடும்பம் எங்களுடையது. இப்போது என் பிள்ளைக்குப் புலி தோஷம். யாரிடம் போய் நியாயம் கேட்பது?

யாரிடமும் கேட்க முடியாததால் உன்னிடம் கேட்டேன். அன்றைக்கு போனில் நான் பேசியதை எழுத இப்போதும் கை வரமாட்டேன் என்கிறது. "ஏட்டி, உன்னை யாரு புலி எலின்னு பேசச் சொன்னா? பெத்திருந்தால்லா தெரியும், பிள்ளைக்கு ஒண்ணுன்னா எப்படி இருக்கும்னு" என்றேன். நீ "செரிடி" என்றாய். போனை வைத்துவிட்டாய்.

நாலு மாதம். கோவிலில் உன் காரைப் பார்த்தால் நான் வண்டியை மறுபக்கம் நிறுத்தினேன். தீபாவளிக்கு நீ முறுக்கு கொடுத்துவிட்டாய், கார்த்திக் கையில். நான் ஒரு நன்றிகூட அனுப்பவில்லை. தப்பு என்னுடையது என்று தெரியும், தெரிந்ததால்தான் கோபம் இன்னும் ஏறியது. அவன் வீட்டில் வாய் திறப்பதை விட்டுவிட்டான். அந்த மௌனத்துக்கும் சேர்த்து உன்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை, நீ என் வீட்டு வாசலில் நின்றாய். குல்லாய், ஸ்கார்ஃப், ஷூ, ஒன்றையும் கழற்றவில்லை.

"உள்ள வரல. ஒரு சமாச்சாரம், சொல்லிப்போட்டுப் போயிர்றேன். அவன் ஜாதகத்த எடு."

எடுத்து வந்தேன். மூலையில் மஞ்சள் தடவிய அந்த நோட்டு. முதல் வரியை நீ என்னை வாசிக்கச் சொன்னாய். ஈஸ்வர வருஷம், தை மாதம் ஒன்றாம் தேதி.

"நம்ம வருசம் எப்பப் பொறக்குது? சித்திரையில. இவன் பொறந்தது தை. சனவரி வந்துருச்சுன்னு நம்ம சோசியர் அடுத்த வருசத்தையா எழுதுனாரு? பழைய வருசந்தான எழுதியிருக்காரு? நமக்கே மாறலீன்னா சீனாக்காரங்களுக்கு மட்டும் எப்படிடி மாறும்?"

உன் ஆபீஸில் ஒரு சீனப் பெண் புத்தாண்டுக்கு முன்கூட்டியே லீவு எழுதிக் கொடுத்தாளாம். எங்கள் புத்தாண்டு ஜனவரி ஒன்று இல்லை, வருஷா வருஷம் தேதி மாறும் என்றாளாம். அதைக் கேட்டதிலிருந்து உனக்கு இருப்பு கொள்ளவில்லை. அவன் பிறந்த ஆண்டில் அவர்களுடைய புத்தாண்டு எப்போது வந்தது என்று தேடிப் பார்த்திருக்கிறாய். பொங்கல் முடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வந்திருக்கிறது.

"அந்தக் காயிதம் வெறும் வருசத்தப் போட்டிருக்கு, நாளப் போடல. நாமளும் அத நம்பிப்போட்டோம். இவன் புலியே இல்லடி. எருது."

பஞ்சாங்கம் பார்க்காமல் பால்கூடக் காய்ச்சாத இரண்டு பேர், சாப்பாட்டுக் கடைக் காகிதத்தை நம்பி ஒரு கல்யாணத்தைக் கெடுக்கப் பார்த்திருக்கிறோம். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு உன்னையும் இழுத்துக்கொண்டு காரை எடுத்தேன்.

287 நெடுஞ்சாலையில் ஏறியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்னைக்கு நான் பேசினது தப்பு, என்னை மன்னிச்சிரு என்றேன். எந்தப் பேச்சு என்று இருவருக்கும் தெரியும். நீ முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தாய். "ரோட்டப் பாத்து ஓட்டுடி. போய்ச் சேந்தப்பறம் அழுகலாம்" என்றாய். கொஞ்ச தூரம் போனதும், என் மடியில் ஒரு டிஷ்யூவை வைத்தாய்.

லின்னின் அம்மா கதவைத் திறந்ததும் நீ நோட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாய். பாவம், தமிழ் எழுத்தைப் பார்த்து மிரண்டுபோனார். நான் பிறந்த தேதியை இங்கிலீஷில் சொன்னேன். அவர் உள்ளே போய் ஒரு தடித்த பழைய பஞ்சாங்கத்தை எடுத்து வந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டினார். நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். நகம் பதிந்துவிட்டது.

"நாட் டைகர்" என்றார். இன்னொரு முறை பார்த்தார். "ஆக்ஸ்." அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பாம்புக்கு எருதைவிட நல்ல ஜோடி கிடையாதாம். அதைச் சொன்ன பிறகுதான் மற்றதையும் சொன்னார். அவரும் பாம்பு. விட்டுப் போன கணவர் புலி. கல்யாணத்துக்கு முன் அவருடைய அம்மா தலையால் அடித்துக்கொண்டாராம், இவர் கேட்கவில்லையாம். தன் பெண்ணுக்கும் அதுவே நடந்துவிடுமோ என்ற பயத்தில் நாலு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்களே புலி என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னதால் நாள் என்ன என்று கேட்கவே தோன்றவில்லையாம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று உன்னைக் கேட்டார். "பேப்பர் டோல்ட் மீ" என்றாய், குற்றம் செய்த பிள்ளை மாதிரி. அவர் சிரித்த சிரிப்பில் லின் மாடியிலிருந்து ஓடிவந்தாள்.

சித்திரையில் கல்யாணம். தாலி கட்டி முடிந்த பிறகு அவர்கள் வழக்கப்படி மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். மூத்தவருக்குத்தான் முதல் கோப்பை, உங்கள் பக்கத்தில் யார் மூத்தவர் என்று லின்னின் அம்மா கேட்டார். நான் உன்னைக் காட்டினேன். நீ பட்டுப்புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, "நான் எதுக்குடி, பெத்தவ நீ இருக்க" என்றாய். பெரியம்மா என்றால் அம்மாவுக்கு மூத்தவள், உட்காரு என்று உன் தோளை அழுத்தினேன். கார்த்திக் உன் முன்னால் மண்டியிட்டு இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினான். சர்க்கரை இல்லாத அந்தத் தேநீரை நீ ஒரு சொட்டு விடாமல் குடித்தாய். எனக்கு அதன் பிறகுதான் கோப்பை வந்தது.

அதிலிருந்து ஏழு வாரம். காலையில் உன் வீட்டுக்காரர் போன் செய்து, நீ தூக்கத்திலேயே போய்விட்டாய் என்றார். என்னைத் தப்பாக நினைக்காதே, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது ஆறுதல். நம் இருவருக்கும் நடுவே ஒன்றும் பாக்கி இல்லை என்ற ஆறுதல். அந்த நாலு மாதத்துக்குள் நீ போயிருந்தால், நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அந்தப் 'பெத்திருந்தால்' பேச்சாக இருந்திருக்கும். அதோடு நான் எப்படி இருந்திருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை நீ மணியடித்தபோது ஜன்னல் வழியாக உன் காரைப் பார்த்துவிட்டேன். கதவுவரை வந்தேன். திறக்கவில்லை. மூச்சுக் காட்டாமல் நின்றேன், நீ போய்விடுவாய் என்று. நீ போகவில்லை. ஜில்லென்ற காற்றில் நின்றபடி இரண்டாவது தடவை அடித்தாய். அதற்குப் பிறகுதான் திறந்தேன்.

சென்னையில் என் தங்கையோடு எனக்கு இரண்டு வருஷமாகப் பேச்சு இல்லை, உனக்குத் தெரியும். போன வாரம் அவளுக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்து நின்றது, எடுக்கவில்லை. போனைக் கீழே வைக்கப் போனேன். நீ வாசலில் நின்றது ஞாபகம் வந்தது. மறுபடி போட்டேன். எடுத்தாள்.